கிருபை: ஒரே சொல்லில் அன்பும் அருளும்

திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கோம்" என்றுதான் பதில் வரும். பிள்ளை பரீட்சையில் தேறினாலும் கிருபை, பைக்கில் விழுந்து சிராய்ப்போடு எழுந்து வந்தாலும் கிருபை. மூச்சுவிடுவதுபோல வாயில் வந்துவிடும் சொல். அதனாலேயே அதன் பொருள் என்ன என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. நானும் வெகுகாலம் யோசித்ததில்லை.

கிருபை வடசொல். சமஸ்கிருதத்தில் ‘க்ருபா’. ஆகாரத்தில் முடியும் வடசொற்கள் தமிழில் ஐகாரம் ஏற்பது வழக்கம். சீதா சீதையானதும் தயா தயையானதும் அப்படித்தான். க்ருபாவின் வேருக்குப் புலம்புதல், இரங்குதல் என்று இரண்டு பொருளும் உண்டு. இதைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது நம் ‘இரங்கல்’. நெய்தல் திணையில் இரங்கல் என்றால் பிரிவில் அழுது வருந்துவது. பேச்சில் ‘இரங்கு’ என்றால் கருணை காட்டு. இரண்டு மொழியிலுமே, பிறர் துயருக்காகக் கலங்கும் நெஞ்சிலிருந்துதான் கருணைக்கான சொல் பிறந்திருக்கிறது.

சீர்திருத்தக் கிறிஸ்தவம் வருமுன்பே தமிழ்ப் பக்தர்கள் புழங்கிய சொல் இது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தமிழ் கற்று, 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். அடுத்து இன்னொரு ஜெர்மன் மிஷனரியான பப்ரிசியஸ் திருத்தமாக மொழிபெயர்த்தார். 1871இல் ஹென்றி பவர் முதலானோர் அடங்கிய குழுவின் பதிப்பு வந்தது. சீர்திருத்தச் சபையார் (புராட்டஸ்டண்டுகள்) இன்று கையில் வைத்திருக்கும் வேதாகமம் அந்த வழியில் வந்ததே. அதில் திருத்தூதர் பவுல் தம் கடிதங்களில் எழுதும் முக்கியமான சொல் கிருபை: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்."

கத்தோலிக்கர் வழி வேறு. பழைய செபப் புத்தகங்களில் மரியன்னையை வாழ்த்தும் வரி "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்றிருந்தது. இன்று "அருள் நிறைந்த மரியே வாழ்க". அதே வாழ்த்து சீர்திருத்தச் சபையாரின் லூக்கா நற்செய்தியில் "கிருபை பெற்றவளே, வாழ்க" என்று வரும். பிரியதத்தம், அருள், கிருபை ஆகிய மூன்றும் புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் உள்ள ஒரே வேருக்கு நாம் போட்டுப் பார்த்த உடைகள்.

அந்த வேர் ‘காரிஸ்’. அழகு, இனிமை, தயவு, கொடை, நன்றி எல்லாம் அதற்குள் அடங்கும். மகிழ்ச்சிக்கான ‘காரா’வும் அதன் உறவுச் சொல்தான். நற்கருணையைக் குறிக்கும் ‘யூக்கரிஸ்தியா’வுக்குள்ளும் அது இருக்கிறது; நன்றி செலுத்துதல் என்று பொருள். பவுல் இந்தச் சொல்லை எடுத்து அதற்குப் புது அழுத்தம் கொடுத்தார். சம்பாதிக்காமல் கிடைப்பது என்பதே அந்த அழுத்தம். ரோமருக்கு எழுதும்போது, வேலை செய்கிறவனுக்கு வரும் கூலி கிருபையல்ல, அது கடன் என்கிறார். உழைத்தவனுக்குக் கூலி கொடுப்பது பாக்கியைத் தீர்ப்பது. பாக்கியே இல்லாத இடத்தில் கொடுப்பதுதான் காரிஸ். இயேசு சொன்ன, திராட்சத் தோட்டத்துக்குச் சாயங்காலம் வந்தவனுக்கும் முழு நாள் கூலி கொடுத்த எஜமானின் கதையை இதோடு வைத்துப் பாருங்கள்.

பழைய ஏற்பாட்டின் மொழியான எபிரெயத்தில் ஒன்றுக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று ‘கேன்’. பெரியவர் ஒருவர் கண்களில் எளியவருக்குக் கிடைக்கும் தயவு. அந்நிய தேசத்தவளான ரூத் வயலில் கதிர் பொறுக்கும்போது, எதினாலே எனக்கு இந்தத் தயை கிடைத்தது என்று வயலின் சொந்தக்காரரான போவாசைக் கேட்கிறாளே, அதுதான் கேன். யோவான் என்ற பெயருக்கு மூலமான ‘யோகனான்’ இதே வேரில் பிறந்தது. ஆண்டவர் அருளினார் என்று பொருள். கத்தோலிக்கத் தமிழர் யோவானை அருளப்பர் என்று அழைத்ததும், போர்த்துகீசிய மறைப்பணியாளர் ஜான் தெ பிரிட்டோ அருளானந்தர் ஆனதும் சும்மா இல்லை. ஊர் முழுக்க இருக்கும் அருளப்பன்களின் பெயருக்குள் ஓர் எபிரெயச் சொல் தமிழாகி உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று ‘கெசெத்’. இது உறவில் நிலைத்து நிற்கும் அன்பு. உடன்படிக்கை செய்துகொண்டவர் கைவிடாமல் இருப்பது. 136ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று வருகிறதே, அங்கே மூலத்தில் இருப்பது கெசெத். 1995இல் வந்த திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பு அதே இடத்தில் ‘பேரன்பு’ என்கிறது.

சரி, கிருபைக்கு நேரான தமிழ் எது? என் பதில் அருள். ‘தயவு’ சின்னது, ‘தயவுசெய்து’ என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்துவிட்டது. ‘இரக்கம்’ துன்பத்தைப் பார்த்த பிறகு வருவது. அருளுக்குக் காரணமே வேண்டாம். குறளில் அன்புடைமை தனி அதிகாரம், அருளுடைமை தனி அதிகாரம். இரண்டும் ஒன்றல்ல என்று வள்ளுவருக்குத் தெளிவாகத் தெரியும். தொடர்பு எதுவும் பற்றாமல் எல்லா உயிர்கள்மேலும் இயல்பாகச் செல்லும் கருணையே அருள் என்று விளக்குகிறார் பரிமேலழகர். தொடர்பு பற்றாமல்! ரூத்தின் கேள்விக்கும் பவுலின் வாதத்துக்கும் இதைவிட நெருக்கமான தமிழை நான் கண்டதில்லை. "அருளென்னும் அன்பீன் குழவி" என்று 757ஆம் குறளில் வருகிறது. அன்பு பெற்ற பிள்ளை அருள். உறவுக்குள் தொடங்கும் அன்பு வளர்ந்து உறவின் எல்லையைத் தாண்டும்போது அருளாகிறது. அப்படிப் பார்த்தால் கெசெத்துக்குப் பேரன்பு, காரிஸுக்கு அருள். கிருபை என்ற ஒரே சொல் தாயையும் பிள்ளையையும் சேர்த்துச் சுமந்துவந்திருக்கிறது.

அருள் என்றதும் சிலர் தயங்குவார்கள். ‘சாமி அருள் வந்து ஆடுறது’ என்ற வழக்கு காதில் ஒலிக்கும். ஆனால் நம் செபங்களில் அந்தச் சொல் எப்போதோ வினையாக நுழைந்துவிட்டது. கேட்டருளும் என்கிறோம், தந்தருளும் என்கிறோம். யோவான் 3:16ஐ மனப்பாடமாகச் சொல்லும் ஞாயிறுபள்ளிப் பிள்ளைகூட "தந்தருளி, இவ்வளவாய் உலகத்தில் அன்புகூர்ந்தார்" என்றுதான் சொல்கிறது. அந்த ஒரே வரியில் அருளும் அன்பும் கைகோத்து நிற்கின்றன. ஆராதனை முடிவில் சபையின் போதகரான ஐயர் கையை உயர்த்தி, "கிறிஸ்துவினுடைய கிருபையும், தேவனுடைய அன்பும்" என்று ஆசீர்வதிக்கும்போதும் இதே இணைதான். அதற்காக, கிருபை என்று செபித்துப் பழகிய அம்மாவை யாரும் திருத்த வேண்டாம். அது அவர் கண்ணீரில் ஊறிய சொல். பிள்ளைக்குப் பொருள் சொல்லும்போது அருள் என்று சொல்லிக்கொடுத்தால் போதும்.

எனக்கு இந்தச் சொல் புரிந்தது அகராதியில் அல்ல. அப்பா படுத்த படுக்கையாக இருந்த மாதங்களில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருவர் ராத்திரிதோறும் ஒரு தூக்குவாளியில் சாப்பாடு கொடுத்தனுப்புவார். எங்களுக்கு அவர் சொந்தம் இல்லை, எங்கள் சபையும் இல்லை. அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது அம்மாவின் கண்டிப்பு. அதில் வாழைப்பழமோ, கொஞ்சம் சர்க்கரையோ போட்டுத்தான் அனுப்புவார். வீட்டில் எதுவும் இல்லாத ஒரு நாள் வந்தது. கழுவிய வாளியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் பெரியம்மாவே வந்துவிட்டார். "வாளியைக் குடு தாயி, நாளைக்குச் சோறு எதுல அனுப்ப?" என்று வாங்கிக்கொண்டு போனார்.

"கர்த்தர் எனக்குச் செய்த எல்லா உபகாரங்களுக்காகவும், அவருக்கு என்னத்தைச் செலுத்துவேன்?" என்று 116ஆம் சங்கீதம் கேட்கிறது. அம்மா திண்ணையில் உட்கார்ந்து கேட்ட அதே கேள்வி. அடுத்த வசனத்திலேயே பதிலும் இருக்கிறது: "இரட்சிப்பின் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ளுவேன்." அங்கேயும் பாத்திரத்தில் திருப்பிப் போட எதுவும் இல்லை.