அட்டையில் இருப்பது யார் வைத்த பெயர்?

ராமேசுவரத்தை அடுத்த மண்டபம் ஊருக்கு அருகே ஒரு மூதாட்டியிடம் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். என் நோட்டை எட்டிப் பார்த்தவர், 'அகதி' என்று எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னார். "நாங்கள் அகதி இல்லை தம்பி. பாஸ்போர்ட்டோடு கப்பலில் வந்தவர்கள்."

அவர் சொன்னதுதான் சரி. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. அவர் குடும்பம் அந்தக் கணக்கில் தாயகம் திரும்பியது. அகதிகள் பெருமளவில் வந்தது இலங்கையில் நடந்த 1983 கலவரத்துக்குப் பிறகு. இரு தரப்பினரும் தங்கியது அதே மண்டபம் முகாமில் என்பதால் நான் குழப்பிவிட்டேன். வரலாறு படித்தவன் செய்யக்கூடாத தவறு.

அதே முகாம் வெள்ளையர் காலத்தில் எதிர்த்திசைக்கு வேலை செய்தது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளைக் காலரா, பிளேக் பயத்தில் அங்கே தடுத்து வைத்துச் சோதித்த பிறகே கப்பலேற்றினார்கள்.

புலம்பெயர்வை ஆராயும்போது ஒரு பெயர் கண்ணில் பட்டால், அதை வைத்தது யார், எப்போது, எதற்காக என்று முதலில் பார்ப்போம். இலங்கைக் குடிமதிப்பு (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) 1911இல்தான் 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என்று பிரித்து எண்ணத் தொடங்கியது. மக்கள் அதே மக்கள். படிவத்தில்தான் ஒரு பத்தி கூடியது. 1948 குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தகப்பன் அங்கே பிறந்ததற்குக் காகிதம் காட்ட முடியாத தோட்டத் தொழிலாளர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். பத்தி பிரித்ததால்தான் இது நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன்; ஆனால் அந்தப் பிரிவு கையில் தயாராக இருந்தது. கீழக்கரையில் 'சபர் போயிருக்கிறார்', அதாவது பயணம் போயிருக்கிறார் என்று சொல்லப்பட்ட முஸ்லிம் வியாபாரி, அக்கரையில் 'இந்தியச் சோனகர்' ஆனார். ஊருக்குத் திரும்பினால் மறுபடி மரைக்காயர்.

ஆகவே காகிதத்தை மட்டும் நம்புவதில்லை. "நீங்கள் எந்த இனம்?" என்று கேட்டால் வாய் அடைத்துவிடும். எந்தத் தோட்டம், வேலை வாங்கிய கங்காணி யார், துண்டில் (கடனைக் குறித்த சீட்டில்) எவ்வளவு கடன் என்று கேட்டால் கதை தானாக வரும்.

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை, தோட்டத்திலிருந்து வந்த கடிதம் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். புகைப்படத்தின் பின்புறம் பென்சிலால் பெயரும் ஊரும் எழுதி வையுங்கள். 'இலங்கை' என்று மட்டும் எழுதினால் போதாது, தோட்டத்தின் பெயர் வேண்டும். லேமினேட் மட்டும் செய்யாதீர்கள்; ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரிக்கவே முடியாது.

அந்த மூதாட்டியின் அட்டையைப் பேரன் லேமினேட் செய்திருந்தான். தோட்டத்தின் பெயர் இருந்த வரி மங்கி, படிக்க முடியவில்லை. அவர் இரண்டு முறை சொன்னார், நான் எழுதிக்கொண்டேன்.