லாக்புக்கில் இருப்பது என்ன மணி நேரம்?

விமானியாக ஆசைப்படுகிறவர்களும் அவர்களுக்குப் பணம் கட்டப்போகும் பெற்றோரும் முதலில் கேட்பது, மொத்தம் எத்தனை மணி நேரம் பறக்க வேண்டும் என்றுதான். ஐ.சி.ஏ.ஓ. எனப்படும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த குறைந்தபட்ச அளவுகள் இவை: தனிநபர் விமானி உரிமத்துக்கு 40 மணி நேரம். வணிக விமானி உரிமமான சி.பி.எல்.லுக்கு 200, அங்கீகாரம் பெற்ற முழுநேரப் பயிற்சித் திட்டத்தில் படித்தால் 150. பயணிகள் விமானத்தில் கேப்டனாக உட்காரத் தேவைப்படும் ஏ.டி.பி.எல்.லுக்கு 1500. ஆனால் விண்ணப்பத்தைப் புரட்டும் தலைமை விமானியின் கண் மொத்தக் கணக்கில் நிற்பதில்லை. பறந்த விவரங்களைப் பதிந்துவைக்கும் லாக்புக்கின் மற்ற பத்திகளுக்குப் போய்விடும். அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

அதற்கு முன் ஒன்று. கட்டணத்தில் ஒரு தவணைகூடக் கட்டாமல் முதலாம் வகுப்பு மருத்துவத் தகுதிச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். 50 மணி நேரம் பறந்து முடித்த பிறகு நிறப்பார்வையிலோ இதயத் துடிப்புப் பதிவிலோ குறை தெரியவருகிறவர்கள் எல்லாப் பயிற்சிப் பள்ளிகளிலும் உண்டு. கண்ணாடி போட்டால் விமானி ஆக முடியாது என்பது பழைய பயம். கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரண்டு கண்ணும் சேர்ந்து 6/6 இருந்தால் போதும். இஷிஹாரா தாள்களில் எண்களைச் சரியாகப் படிக்க முடியாவிட்டாலும் உடனே கதவு அடைபடாது, அடுத்த கட்ட நிறப்பார்வைச் சோதனை இருக்கிறது. ஆனால் அதன் முடிவு கையில் வரும்வரை பணம் கட்டாதீர்கள்.

இனி அந்த 200 மணி நேரத்துக்குள் போவோம். அதில் குறைந்தது 100 மணி நேரம் பைலட்-இன்-கமாண்டாக, அதாவது முழுப் பொறுப்பையும் ஏற்றுப் பறந்திருக்க வேண்டும். அந்த நூறில் 20 மணி நேரம் கிராஸ்-கன்ட்ரி, அதாவது ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு வழி கண்டு பறப்பது. இந்த இருபதில் ஒரு பயணமாவது 540 கிலோமீட்டருக்குக் குறையாமல், வெவ்வேறு இரண்டு விமானத் தளங்களில் இறங்கி முழுவதுமாக நின்று புறப்பட்டதாக இருக்க வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி 10 மணி நேரம். அதில் 5 மணி நேரம் வரை தரையிலுள்ள பயிற்சிக் கருவியிலேயே முடிக்கலாம்.

இந்த அளவுகளை எட்டிய பின் மீதி நேரத்தை எப்படி நிரப்புகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் தெரியும். நல்ல வெயில், அமைதியான காற்று, பழகிய ஓடுபாதை, அதே சுற்று. இப்படி 60 மணி நேரம் பறந்தவருக்கு உண்மையில் ஒரு மணி நேர அனுபவம் அறுபது முறை கிடைத்திருக்கிறது. அதே எரிபொருளில் கட்டுப்பாட்டு வான்பரப்புக்குள் போகலாம், நெரிசலான தளத்தில் இறங்கலாம், பக்கக் காற்று உள்ள நாளாகப் பார்த்து இன்ஸ்ட்ரக்டரோடு கிளம்பலாம், நடுவழியில் வேறு தளத்துக்குத் திருப்பிவிடப்பட்டதாக வைத்துக்கொண்டு எரிபொருளையும் நேரத்தையும் மனக்கணக்காகப் போடலாம். கிளம்பும் முன் இன்றைக்கு என்ன வேலை என்று ஒரு வரி எழுதிவைத்துக்கொண்டு பறப்பவரின் லாக்புக்கில் குறிப்புப் பத்தியே வேறு மாதிரி இருக்கும்.

மணிக்கணக்கை மட்டும் நம்புவதன் ஆபத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு, 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ அருகே விழுந்த கோல்கன் ஏர் 3407. விமானம் டேஷ் 8 கியூ400. உள்ளே இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். வேகம் குறைந்து, இறக்கை தூக்குவிசையை இழக்கும் ஸ்டால் நிலைக்கு எச்சரிக்கையாக யோக் எனும் கட்டுப்பாட்டுப் பிடி அதிர்ந்தபோது, கேப்டன் அதை முன்னால் தள்ளாமல் பின்னால் இழுத்தார். இதன் விளைவாக 2010இல் சட்டம் வந்தது. 2013 முதல் அங்கே துணை விமானிக்கும் ஏ.டி.பி.எல்.லுக்கு இணையான ஏ.டி.பி. உரிமமும் 1500 மணி நேரமும் கட்டாயம். ராணுவ விமானிகளுக்கு 750, விமானவியல் இளங்கலைப் பட்டதாரிகளுக்கு 1000 என்று சலுகை உண்டு. ஆனால் விழுந்த விமானத்தின் கேப்டனுக்கு 3379 மணி நேர அனுபவம், துணை விமானிக்கு 2244. 1500 என்ற கோட்டை இருவருமே எப்போதோ தாண்டியவர்கள். அந்தச் சட்டத்தோடு வந்த ஸ்டால் மீட்புப் பயிற்சியும் ஓய்வு விதிகளும்தான் நோய்க்கு நேரடி மருந்து என்பது எங்கள் கருத்து. ஐரோப்பாவில் 2019 டிசம்பர் முதல், விமானம் நிலைகுலைந்தால் மீட்டெடுக்கும் பயிற்சியை நிஜ விமானத்தில் குறைந்தது 3 மணி நேரம் பறந்து முடிக்க வேண்டும். உங்கள் நாட்டில் கட்டாயம் இல்லாவிட்டாலும், செலவைக் குறைப்பதாக இருந்தால் வேறெதிலாவது குறைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள்.

முதல் வேலை எது?

200 மணி நேரத்திலேயே துணை விமானியாக எடுக்கும் நாடுகளில், விமான நிறுவனமே புதியவர்களைத் தேர்ந்து பயிற்சிக்கு அனுப்பும் கேடட் திட்டம்தான் பலரின் கனவு. 2006இல் ஐ.சி.ஏ.ஓ. கொண்டுவந்த எம்.பி.எல்., அதாவது பல விமானிக் குழு உரிமம், அதில் இன்னொரு வகை. சிமுலேட்டரும் விமானமும் சேர்த்து 240 மணி நேரம், முதலிலிருந்தே இருவர் சேர்ந்து இயக்கும் பழக்கம். ஆனால் அந்த உரிமம் இரு விமானி இயக்கத்துக்கானது. சேர்த்துக்கொள்வதாகச் சொன்ன நிறுவனம் பின்வாங்கினால், சிறு விமானத்தில் தனியாக வேலை பார்க்க வழி இருக்காது. சி.பி.எல். வைத்திருப்பவருக்கு அந்த மாற்றுவழி இருக்கிறது.

கேடட் இடம் கிடைக்காதவர்கள் இன்ஸ்ட்ரக்டர் வேலையைக் குறைவாக நினைக்க வேண்டாம். அடுத்தவரின் தவறு உருவாகும்போதே கண்டுபிடிக்கும் கண் அங்கேதான் வளரும். பின்னாளில் கேப்டனுக்கு அது அன்றாடத் தேவை. குறையும் உண்டு: மணிக்கணக்கு ஏறும், ஆனால் உங்கள் கை விமானத்தைத் தொடுவது குறைவு. கருவி வழிப் பறத்தல் அதைவிடக் குறைவு. மாதத்தில் சில மணி நேரமாவது நீங்களே ஓட்டுவதற்கென்று ஒதுக்குங்கள். செஸ்னா கேரவன் போன்ற சிறு விமானத்தில் சரக்கு ஏற்றுகிறவருக்கு மோசமான வானிலையில் தனியாக முடிவெடுத்துப் பழக்கமாகிவிடும். ஏ.டி.ஆர். 72 போன்ற, டர்போபிராப் எனும் விசிறி எஞ்சின் விமானத்தில் சேருகிறவருக்கு ஒரே நாளில் நான்கைந்து புறப்பாடு, நான்கைந்து இறக்கம்.

புதியவர்கள் கவனிக்காத கணக்கு இது. ஆண்டுக்கு 800 மணி நேரம் பறப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றரை மணி நேரப் பயணங்கள் என்றால் சுமார் 530 பயணம். இரு விமானிகளும் மாறி மாறி ஓட்டினால் உங்கள் பங்குக்கு 265 இறக்கம். அதே 800 மணி நேரம் பத்து மணி நேர நெடுந்தூரப் பயணங்களாக இருந்தால் 80 பயணம்தான். அதிலும் மூன்று, நான்கு விமானிகள் இருப்பதால் ஆண்டு முழுவதும் உங்களுக்கு வருவது 20 முதல் 27 இறக்கம். 90 நாளில் 3 புறப்பாடு, 3 இறக்கம் என்ற குறைந்தபட்ச விதியை நிறைவேற்றவே சிலர் சிமுலேட்டருக்குப் போக வேண்டியிருக்கிறது. பெரிய விமானத்தின் பெருமை பெரியதுதான், முதல் ஐந்நூறு மணி நேரத்துக்கு அது நல்ல பள்ளி இல்லை.

உரிமம் வாங்கிய பின் வேலை கிடைக்கும்வரை உள்ள இடைவெளியும் ஒரு பொறி. முதலில் மழுங்குவது கருவிகளை வரிசையாகக் கண்ணால் சுற்றிவரும் பழக்கம். நிறுவனங்களின் தேர்வுச் சிமுலேட்டரில் பெரும்பாலானோர் சறுக்குவதும் அதில்தான். ஆட்டோபைலட், திரையில் வழிகாட்டும் ஃப்ளைட் டைரக்டர் இரண்டையும் அணைத்துவிட்டு உயரம், வேகம், திசையைப் பிடித்துவைக்கச் சொல்வார்கள். எந்த எஞ்சின் சக்திக்கு எந்த மூக்குக் கோணம் என்ற எண்களை மனப்பாடமாக வைத்திருப்பவர் மட்டும் ஊசியைத் துரத்திக்கொண்டிருக்க மாட்டார். மாதம் ஒருமுறை தரைப் பயிற்சிக் கருவியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால்கூட இது கையை விட்டுப் போகாது.

ஜெட் விமானத்தின் முதல் மாதங்கள்

குறிப்பிட்ட ஒரு வகை விமானத்தை ஓட்டுவதற்கான தகுதியே டைப் ரேட்டிங். அதன் பயிற்சி வரிசை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வகுப்பறை, அசையாத காக்பிட் கருவி, பிறகு நான்கு மணி நேர அமர்வுகளாக முழுச் சிமுலேட்டர், தேர்வு. பயணிகள் இல்லாத விமானத்தில் சில இறக்கங்கள். அதன்பின் பயணிகளோடு, பயிற்சிக் கேப்டன் பக்கத்தில் இருக்க, லைன் டிரெய்னிங். தொடக்கப் பயணங்களில் பின்னால் இன்னொரு விமானி காவலுக்கு உட்காருவது வழக்கம்.

சிமுலேட்டரில் நன்றாகச் செய்தவரும் இங்கே திணறுவது பெரும்பாலும் கீழிறங்கும் கணக்கில். சிறு விமானத்தில் எஞ்சினைக் குறைத்தால் வேகமும் உயரமும் சேர்ந்து குறையும். ஜெட் அப்படி அல்ல. கீழே இறங்கினால் வேகம் குறையாது, வேகத்தைக் குறைத்தால் இறக்கம் நின்றுவிடும். 36,000 அடியிலிருந்து இறங்க, ஆயிரத்தில் உயரத்தை மூன்றால் பெருக்கி 108 கடல் மைல், வேகம் குறைக்க இன்னும் ஒரு 10. பின்காற்று இருந்தால் மேலும் கொஞ்சம். இதை வழியில் ஒவ்வொரு 5000 அடிக்கும் சரிபார்க்க வேண்டும். 10,000 அடியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பார்த்துக்கொள்ள அங்கே தூரம் மிச்சம் இருக்காது.

கடைசிக் கட்டத்தில் 140 நாட் (மணிக்கு 140 கடல் மைல்) தரைவேகம் என்றால், ஐந்தால் பெருக்கி நிமிடத்துக்கு 700 அடி இறக்கம். மேகமூட்டத்தில் 1000 அடி வரும்போது சக்கரம், இறக்கையின் பின்புற மடிப்பான ஃபிளாப், வேகம், எஞ்சின் சக்தி எல்லாம் நிலைபெற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மீண்டும் மேலே ஏறுவது. சொல்ல எளிது. கோ-அரவுண்ட் அபூர்வமாக வருவதால் அதைச் செய்வதிலேயே தவறு நேரும். விமானம் இலேசாக இருக்கும், முழுச் சக்தியில் சடசடவென்று ஏறும், நிற்க வேண்டிய உயரமோ 2000, 3000 அடிதான். ஃபிளாப்பை ஒரு படி குறைக்க மறப்பார்கள், சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும், உயரம் தாண்டிவிடும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் முன்பு கோ-அரவுண்டின் முதல் நான்கு செயல்களை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளும் பழக்கம் இதற்கு நல்ல தீர்வு.

தரையைத் தொடும் முன் மூக்கைத் தூக்கும் ஃப்ளேர், சிறு விமானத்தின் கண் உயரத்தில் பழகியவர்களை ஏமாற்றும். ஏர்பஸ் ஏ320இல் சுமார் 30 அடியில் தொடங்க வேண்டும், ரேடியோ உயரமானி எண்களைச் சொல்லிக்கொண்டே வரும். எண்கள் வரும் வேகத்தையும் கேளுங்கள், வேகமாக வந்தால் விமானம் வேகமாக விழுகிறது. மெதுவாகத் தொட வேண்டும் என்ற ஆசையில் மிதக்கவிடுவது இன்னொரு தவறு. 140 நாட் வேகத்தில் ஒரு விநாடிக்கு 72 மீட்டர் ஓடுபாதை போய்விடும், மூன்று விநாடி மிதந்தால் 200 மீட்டருக்கு மேல். பயணிகள் கைதட்டும் இறக்கம் எல்லாம் நல்ல இறக்கம் என்று எண்ண வேண்டாம்.

இந்தத் தொடக்க மாதங்களில் புதியவருக்கு எல்லாம் தரப்படாது. அமெரிக்க விதியில், அந்த வகை விமானத்தில் 100 மணி நேரம் முடிக்காத துணை விமானி இருந்தால், பக்கக் காற்று 15 நாட் வேகத்துக்கு மேல், குறைந்த பார்வைத்தூரம், வழுக்கும் ஓடுபாதை, காற்று திடீரென மாறும் விண்ட்ஷியர் போன்ற சூழல்களில் புறப்பாடும் இறக்கமும் கேப்டன் கையில்தான். இருவரில் ஒருவருக்காவது அந்த வகை விமானத்தில் 75 மணி நேரம் இருக்க வேண்டும் என்றும் விதி. இதை அவமானமாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அந்த நேரத்தில் கேப்டன் காலால் இயக்கும் ரட்டரை (வால் சுக்கான்) எப்போது, எவ்வளவு அழுத்துகிறார் என்று பாருங்கள். தனியாகப் பறந்து பழகியவருக்கு, ஓட்டாமல் கண்காணிப்பதும் வேலைதான் என்று புரியவே நாளாகும். வேகம் விலகினால் ‘வேகம்’ என்று உரக்கச் சொல்ல வேண்டும், மூத்தவர் கவனித்திருப்பார் என்று விடக்கூடாது.

லாக்புக்கில் பறந்த நேரம் என்பது, புறப்படுவதற்காக விமானம் முதலில் அசைந்தது முதல் கடைசியாக நின்றது வரை. சிமுலேட்டர் நேரத்தை இதில் சேர்க்கக் கூடாது, தனிப் பத்தி. மேற்பார்வையில் கேப்டனாகச் செய்த நேரத்துக்குக் கேப்டனின் கையெழுத்து வேண்டும். தவறாக எழுதியதை ஒற்றைக் கோடு போட்டு அடியுங்கள், வெள்ளை மை பூசாதீர்கள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் படமெடுத்து வையுங்கள்.

கடைசியாகப் பணம். வேலை கையில் இல்லாமல் சொந்தப் பணத்தில் டைப் ரேட்டிங் மட்டும் வாங்கிவைப்பது பெரும்பாலும் வீண். ஐரோப்பிய விதியில் அதன் செல்லுபடிக் காலம் ஓராண்டு, அந்த விமானத்தில் ஒரு மணி நேரம்கூடப் பறக்காதவரை நிறுவனங்கள் தேடுவதில்லை. நிறுவனமே பயிற்சி கொடுத்து ஒப்பந்தம் நீட்டினால், கையெழுத்துக்கு முன் நான்கு விஷயம் எழுத்தில் இருக்கிறதா பாருங்கள்: எத்தனை ஆண்டுக் கட்டுப்பாடு, திருப்பித்தர வேண்டிய தொகை மாதாமாதம் குறையுமா, தேர்வில் தோற்றால் மறுவாய்ப்புக்கு யார் பணம் தருவது, லைன் டிரெய்னிங் முடியும்வரை சம்பளம் உண்டா.