ஸ்டீயரிங் இல்லாத ரயில் மலையில் எப்படித் திரும்பியது?

கடையநல்லூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ் ரயிலில் சின்ன வயதில் போயிருக்கிறேன். மலையில் அத்தனை வளைவு. ரயிலுக்கு ஸ்டீயரிங் கிடையாது. அப்புறம் எது அதைத் திருப்பியது? அதை எடுத்துவிட்டு அகலப் பாதை போட ஏன் அத்தனை வருஷம் ஆனது?"

இரண்டாவது கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1904-ல் திருநெல்வேலிச் சீமையையும் கொல்லத்தையும் மலைக்கு ஊடே இணைத்த மீட்டர் கேஜ் பாதை அது, அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி. 37 அடி ஓடினால் ஓர் அடி ஏற வேண்டிய ஏற்றம். பகவதிபுரம் தாண்டினால் குகை, ஆரியங்காவு, கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம், தென்மலை. சாரலுக்குக் குற்றாலம் வந்தவர்கள் அருவியில் குளித்த கையோடு இந்த ரயிலிலும் ஒரு நடை போய்வருவார்கள். இந்தியா முழுக்க ஒரே அகலப் பாதை என்ற திட்டம் 1992-ல் தொடங்கியது. அதன்படி 2010 செப்டம்பரில் இந்த மலைப்பகுதியில் ரயிலை நிறுத்தினார்கள். 2018-ல்தான் பிராட் கேஜ் என்கிற அகலப் பாதையில் ரயில் ஓடியது. குகைகளைக் குடைந்து பெரிதாக்கி, நூறு வயதான கல்பாலங்களுக்குக் கான்கிரீட் கவசம் கட்டி, எல்லாம் மலைமேல் நடக்க வேண்டும் என்றால் காலம் பிடிக்கத்தான் செய்யும்.

எனக்குப் பிடித்தது முதல் கேள்வி.

நெல்லையப்பர் ஆனித் தேர் ரத வீதி முனையில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். வடம் இழுக்க ஆயிரம் பேர் இருந்தாலும், சக்கரத்துக்கு அடியில் சறுக்குக்கட்டை கொடுக்கிறவர் கையில்தான் திருப்பம் இருக்கிறது. மாட்டு வண்டிக்கு அந்தப் பாடு இல்லை. அதன் இரண்டு சக்கரமும் அச்சில் தனித்தனியாகச் சுழல்கின்றன. திரும்பும்போது வெளிச்சக்கரம் கூட உருளும், உள்சக்கரம் குறைய உருளும், அவ்வளவுதான்.

ரயில் சக்கரம் அப்படி இல்லை. அது நம் ஊர்ப் பிள்ளைகள் ஓட்டும் நுங்கு வண்டி மாதிரி. நுங்கு எடுத்தபின் மிஞ்சும் இரண்டு கூந்தலையும் ஒரே குச்சியில் இறுக்கிச் செருகியிருப்பார்கள். கவட்டைக் கம்பால் தள்ளும்போது குச்சியும் கூந்தலும் சேர்ந்தே சுழலும். ரயிலிலும் இரண்டு சக்கரத்தையும் ஒரே இரும்பு அச்சில் அழுத்தி ஏற்றிவிடுகிறார்கள். ஒன்று ஒரு சுற்று சுற்றினால் மற்றதும் ஒரு சுற்று சுற்றியே ஆக வேண்டும். ஆனால் வளைவில் வெளித் தண்டவாளம் நீளம் கூடியது. சக்கரத்தின் உள்பக்கம் துருத்தி நிற்கும் விளிம்பு தண்டவாளத்தில் முட்டித் திருப்புகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த விளிம்பு கடைசிக் காவல். முதல் வேலையைச் செய்வது வேறு.

அதைக் கண்ணால் பார்க்க, டீக்கடையில் இரண்டு பேப்பர் கப் வாங்கிக்கொள்ளுங்கள். வாயோடு வாய் வைத்து டேப்பால் ஒட்டுங்கள். நடு பருத்து, இரண்டு முனையும் சிறுத்து இருக்கும். இரண்டு நீளமான கம்புகளைத் தண்டவாளம் போல வைத்து, ஒரு பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, கப்பை உருட்டிவிடுங்கள். வேண்டுமென்றே கோணலாக விடுங்கள். அது வலது பக்கம் விலகினால், வலது கம்பில் கப்பின் பருத்த பகுதி ஏறும், இடது கம்பில் சிறுத்த பகுதி இறங்கும். பருத்த பக்கம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகிறது. ஆகவே வண்டி தானாக இடது பக்கம் திரும்பி நடுவுக்கு வந்துவிடும். யாரும் தொடவில்லை. இப்போது கப்புகளைப் பிரித்து, அடியோடு அடி ஒட்டி உருட்டுங்கள். கொஞ்ச தூரம்கூடப் போகாமல் கீழே விழும். என் அக்கா மகள் இதை ஒரு சாயங்காலம் முழுக்க உருட்டினாள். ஏன் விழுகிறது என்று நான் சொல்வதற்கு முன்னால் அவளே விரலால் கம்பைத் தொட்டுக் காட்டிவிட்டாள்: விலகிய பக்கத்தில் இப்போது சிறுத்த பகுதி வருகிறது, அதனால் இன்னும் விலகுகிறது.

ரயில் சக்கரத்தின் உருளும் பரப்பும் தட்டை இல்லை. உள்பக்கம் பருத்து, வெளிப்பக்கம் 20-க்கு 1 என்ற அளவில் சரிந்து போகிறது. வளைவு வந்ததும் சக்கர ஜோடி நேரே போகப் பார்த்து, வெளிப்பக்கம் கொஞ்சம் நகர்கிறது. வெளிச்சக்கரம் பருத்த இடத்தில் உருளத் தொடங்குகிறது, உள்சக்கரம் சிறுத்த இடத்தில். அச்சு ஒன்றுதான், சுற்றும் ஒன்றுதான், ஆனால் வெளியே தூரம் கூடிவிட்டது. வளைவு ஏற்படுத்திய விலகலே வளைவில் திருப்பிவிடுகிறது! எத்தனை முறை எழுதினாலும் இந்த இடத்தில் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

பாதை ஏன் குறுகலாக இருந்தது என்பதற்கும் இதிலேயே கணக்கு உண்டு. 200 மீட்டர் ஆரமுள்ள வளைவில், மீட்டர் கேஜ் பெட்டியின் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது வெளிச்சக்கரம் சுமார் 12 மி.மீ. அதிகம் போக வேண்டும். ஒரு விரல் அகலம்கூடக் கிடையாது. அதற்கு ஜோடி 19 மி.மீ. வெளியே நகர்ந்தால் போதும். பிராட் கேஜில் தண்டவாள இடைவெளி 1,676 மி.மீ., சக்கரமும் பெரியது. அதே வளைவில் 40 மி.மீ. நகர வேண்டும். விளிம்பு முட்டுவதற்குள் நகர இடம் இருப்பதோ ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 10 மி.மீ. தேயாத புதுச் சக்கரம் என்று வைத்துக்கொண்டால், மீட்டர் கேஜ் சுமார் 380 மீட்டர் ஆரம் வரைக்கும் விளிம்பு உதவி இல்லாமல் திரும்பும். பிராட் கேஜுக்கு 800 மீட்டர் வேண்டும். அதைவிடக் கூர்மையான வளைவில் விளிம்பு முட்டித்தான் திருப்ப வேண்டும். அதனால்தான் இந்திய ரயில்வே அனுமதிக்கும் மிகக் கூர்மையான வளைவு பிராட் கேஜுக்கு 175 மீட்டர் ஆரம், மீட்டர் கேஜுக்கு 109 மீட்டர். இரண்டரை அடிக் குறும்பாதைக்கு 44 மீட்டர். பாதை குறுகக் குறுக மலையின் மடிப்போடு ஒட்டிப் போகலாம், பாறையைக் குறைவாக உடைக்கலாம்.

இப்படிக் கூர்மையான வளைவுகளில்தான் ரயிலின் அந்த 'கிரீச்' சத்தம் பிறக்கிறது. பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்துக்குப் போகி என்று பெயர். ஒரு போகியின் இரண்டு அச்சுகளும் இணையாகப் பூட்டப்பட்டிருப்பதால் வளைவுக்கு முழுதாக ஒத்துப்போக முடிவதில்லை. சக்கரம் உருண்டுகொண்டே பக்கவாட்டில் கொஞ்சம் இழுபடுகிறது. ஒட்டும், வழுக்கும், மறுபடி ஒட்டும். நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை இப்படி நடக்கும்போது சக்கரம் மணி போல அதிர்ந்து கத்துகிறது. கரும்பலகையில் சாக்பீஸ் கத்துவதும் இதே காரணத்தால்தான்.

எங்கள் ஆச்சி அந்தச் சத்தத்துக்கு வேறு காரணம் சொல்லுவாள். குகை நிற்பதற்கு நரபலி கொடுத்தார்களாம், அந்த ஆத்மாக்கள் அழுகின்றனவாம். சாரல் விழுந்தால் அவை குளிர்ந்து அடங்கிவிடுமாம். ஆச்சி கவனித்தது முழுக்கச் சரி, சாரல் நாளில் சத்தம் குறையும். ஈரம் தண்டவாளத்தில் எண்ணெய் போல வேலை செய்கிறது. வளைவுகளில் தண்டவாளத்தின் பக்கத்தில் கிரீஸ் தடவுவதும் உராய்வையும் தேய்மானத்தையும் குறைக்கத்தான். இவ்வளவு கூர்மையாகக் கவனித்த ஒருத்திக்குப் பள்ளிக்கூடம் கிடைத்திருந்தால் என்று பலமுறை ஏங்கியிருக்கிறேன். பலி கதையை இன்றும் பிள்ளைகளிடம் சொல்கிறவர்கள் மேல் எனக்கு நிஜமாகவே கோபம் உண்டு. குகை நிற்பது பாறையைப் படித்துக் குடைந்தவர்களின் உழைப்பால். அந்தக் கூலியாட்களின் பெருமையைப் பேய்க்குக் கொடுக்கக் கூடாது.

சக்கரத்தின் இந்தச் சரிவுக்கு ஒரு விலையும் உண்டு. நேர்பாதையில் ஜோடி ஒவ்வொரு முறை நடுவுக்கு வரும்போதும் கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பும். பாம்பு போல நெளியும். 1883-ல் கிளிங்கல் என்ற ஜெர்மானியர் இந்த நெளிவின் நீளத்தைக் கணக்கிட்டார். அவர் சூத்திரப்படி மீட்டர் கேஜில் ஒரு நெளிவு சுமார் 12 மீட்டர், பிராட் கேஜில் 18 மீட்டர். வேகம் கூடினால் இது ஆபத்து. ஜப்பானின் முதல் அதிவேக ரயிலில் சரிவை 40-க்கு 1 ஆகக் குறைத்தது அதற்காகத்தான். மெதுவாக ஏறும் மலை ரயிலுக்கு அந்தக் கவலை இல்லை.

தென்காசி, செங்கோட்டைப் பக்கத்துப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய மீட்டர் கேஜ் சக்கர ஜோடியும் இருபது அடித் தண்டவாளமும் கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அறிவியல் வாரத்துக்கு பேனரும் மேடையும் போடும் செலவில் இதைச் செய்யலாம்.

வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இப்போது ஓடும் அகல ரயிலிலும் அந்தச் சத்தம் உண்டு. அது பெரும்பாலும் போகியின் முன் அச்சில், உள்சக்கரத்தில் பிறக்கிறது. ஆகவே பகவதிபுரம் தாண்டியதும் வளைவின் உள்பக்க ஜன்னலுக்கு மாறி உட்காருங்கள். சாரலில் வேண்டாம், பங்குனியில் போங்கள்.