தோட்டத்துக்காரர் சொன்னாலும் மானைக் கொல்லும் உரிமை வந்துவிடாது

கடந்த மாதம் என்னிடம் வந்த குத்தகை விவசாயியின் வழக்கு, இந்த ஓராண்டில் இதே வகையில் நான் ஏற்றுக்கொண்ட மூன்றாவது வழக்கு. காட்டோரத்தில் மூன்றரை ஏக்கர் நிலக்கடலை, குத்தகையோ வாய்ப்பேச்சு. பூவெடுக்கும் நேரத்தில் புள்ளிமான்கள் இரவோடு இரவாக இறங்கிக் கொழுந்தைக் கடித்துப் போனதால், மோட்டார் அறையிலிருந்து கம்பியை இழுத்து வரப்பைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். விடியற்காலையில் கொம்பு வைத்த ஆண் மான் ஒன்று செத்துக் கிடந்தது. பயத்தில் மகனையும் அழைத்துக்கொண்டு அதைப் புதைத்தார். இரண்டே நாளில் நாய்கள் தோண்டிவிட்டன. இப்போது தந்தையும் மகனும் குற்றம் சாட்டப்பட்டவர்கள். அவர் என்னிடம் முதலில் சொன்னது, "தோட்டத்துக்காரரே என்ன வேணாலும் பண்ணிக்கோன்னு சொன்னாருங்க வக்கீலய்யா" என்பதுதான். முந்தைய இரண்டு வழக்குகளிலும் ஏறக்குறைய இதே வார்த்தைகளைக் கேட்டேன்.

குத்தகைதாரனுக்கு உரிமை இல்லாமல் இருக்கலாம், ஆனால் பட்டாதாரருக்கு உண்டு, அவர் வாயால் சொல்லிவிட்டால் அது நமக்கும் வந்துவிடும் என்று நம்புகிறார்கள். இது முழுக்கத் தவறு. பட்டா என்பது மண்ணுக்கு உரியது. அந்த மண்ணில் வந்து மேயும் மானுக்கு உரியது அன்று. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 9-ஆவது பிரிவு, அட்டவணையில் உள்ள விலங்கை வேட்டையாடக் கூடாது என்று தடுக்கும்போது, காடா பட்டா நிலமா என்றோ, உடைமையாளரா குத்தகைதாரரா என்றோ பிரித்துப் பார்ப்பதில்லை. தனக்கே இல்லாத ஓர் உரிமையைத் தோட்டத்துக்காரர் உங்களுக்கு எப்படிக் கொடுக்க முடியும்? அவர் வாய்ப்பேச்சாகச் சொல்லாமல் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும், நீதிமன்றத்தில் அது உங்களைக் காப்பாற்றாது; கூடிப்போனால் அவரையும் வழக்கில் சேர்க்க உதவும். எனக்கு வந்த மூன்று வழக்குகளிலும் தோட்டத்துக்காரர் சொன்ன பதில், "நான் ஊரிலேயே இல்லை" என்பதுதான்.

வேட்டை என்றால் துப்பாக்கி என்று நினைக்க வேண்டாம். கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, பொறி வைப்பது, அவற்றுக்கு முயல்வது எல்லாமே சட்டப்படி வேட்டைதான். தற்காப்புக்காகக் கொன்றால் குற்றமில்லை என்ற பிரிவைச் சிலர் நீட்டுகிறார்கள். அது உங்கள் உயிரையோ இன்னொருவர் உயிரையோ காப்பதற்கு மட்டுமே பொருந்தும், கடலைச் செடியைக் காப்பதற்குப் பொருந்தாது. பயிருக்குச் சேதம் விளைவிக்கும் விலங்கு குறித்து 11-ஆவது பிரிவில் வழி இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதற்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவரால் அதிகாரம் பெற்ற அலுவலரோ காரணங்களைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் ஆணையிட வேண்டும். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளைச் சுடலாம் என்று அறிவித்ததை மானுக்கும் சேர்த்துப் படித்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அது பன்றிக்கு மட்டும். சுடுவதும் வனத்துறையினரே, விவசாயி அல்லர்.

வெளிநாட்டில் விவசாயிகள் மானைச் சுடும் காணொளிகளைக் கைப்பேசியில் காட்டி இளைஞர்கள் வாதாடுகிறார்கள். ஸ்காட்லாந்தின் 1996-ஆம் ஆண்டு மான் சட்டம், பயிர் நிலத்தில் சேதத்தைத் தடுக்க, அந்த நிலத்தை அனுபவிப்பவருக்கு, நில உடைமையாளருடன் செய்துகொண்ட ஒப்பந்தம் எப்படி இருந்தாலும், மானைச் சுடும் உரிமையை அளிக்கிறது. குத்தகைதாரரை மனதில் வைத்து எழுதிய சட்டம் அது. நம் சட்டம் அப்படி இல்லை. அங்குள்ள உரிமையைச் சொல்லி இங்கே ஜாமீன்கூட வாங்க முடியாது.

மோட்டார் லைனிலிருந்து இழுத்த கம்பியைப் பற்றி நான் நீட்டி எழுதப் போவதில்லை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே விளைநிலத்து மின்கம்பியில் 3 யானைகள் மாண்டதை எல்லோரும் பார்த்தோம். இரவில் வரப்பில் நடந்துவரும் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை அதை மிதித்தால், மான் வழக்கு மனிதக் கொலை வழக்காகும். விவசாயத்திற்குத் தந்த இணைப்பை இதற்குத் திருப்பினால் மின்சாரச் சட்டப்படி தனி வழக்கும் உண்டு. தயவுசெய்து இன்று மாலையே அந்தக் கம்பியை அவிழ்த்துவிடுங்கள். விலங்கு கடித்தால் வெடிக்கும்படி தீனிக்குள் வெடிமருந்து வைக்கும் அவுட்டுக்காயும் அப்படித்தான், அதைத் தொடவே வேண்டாம்.

சத்தம் போட்டு, தகரம் தட்டி, வெளிச்சம் காட்டி விரட்டியதற்காக யார் மீதும் வழக்கு வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் நாயை ஏவி அது மானைக் கடித்துக் கொன்றால் நிலைமை வேறு. பழைய சேலைகளைக் கட்டலாம். மீன்வலை கட்டுவதாக இருந்தால் தினமும் காலையில் சுற்றிப் பாருங்கள். கொம்பு சிக்கிய மானை நீங்களே இழுக்காமல் வனத்துறையை அழையுங்கள். சோலார் வேலி போட விரும்பினால், 2023-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த மின்வேலி விதிகளின்படி பதிவும் அனுமதியும் தேவையா என்பதை மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

குத்தகை விவசாயி உண்மையில் இழப்பது வேறோர் இடத்தில். பயிர்ச் சேதத்திற்கு வனத்துறையிடம் இழப்பீடு கேட்டாலும், வேலிக்கு மானியம் கேட்டாலும் முதலில் நிலத்தின் ஆவணத்தைத்தான் கேட்பார்கள். விதைத்தவர் ஒருவர், பட்டாவில் இருப்பவர் இன்னொருவர் என்றால் மனு அங்கேயே நின்றுவிடும். 1955-ஆம் ஆண்டின் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், தன் உடலுழைப்பால் பிறர் நிலத்தைப் பயிரிடுபவரை எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் ஏற்கிறது. 1969-ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பெயரைக் குத்தகை உரிமைப் பதிவேட்டில் ஏற்ற வழி செய்கிறது. ஆயினும் பதிவு செய்தவர்களை நான் அரிதாகவே காண்கிறேன். பதிவு கேட்டால் அடுத்த ஆண்டு நிலம் கிடைக்காது என்ற அவர்களுடைய பயம் பொய்யில்லை. அதனால் குறைந்தபட்சமாக ஒன்று கேட்கிறேன்: ஒவ்வொரு போகத்திலும் கிராம நிர்வாக அலுவலரின் சாகுபடிக் கணக்கான அடங்கலில் பயிர் சரியாக ஏறியிருக்கிறதா, சாகுபடி செய்பவராக உங்கள் பெயர் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். சேதமான அன்றே, தேதி தெரியும்படி படம் எடுத்து, வனச்சரக அலுவலகத்தில் எழுத்துமூலம் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டு வந்தது எந்தக் கோப்பிலும் இருக்காது.

நில உடைமையாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். குத்தகைப் பணத்தைக் குறைக்க மனமில்லாமல் "என்ன வேணாலும் பண்ணிக்கோ" என்று சொல்லும் அதே வாயால், "இழப்பீட்டு மனுவில் நானும் கையெழுத்துப் போடுகிறேன், தொகை வந்தால் உனக்குத்தான்" என்று சொல்லுங்கள். என் கட்சிக்காரரான அந்தக் குத்தகை விவசாயி ஜாமீனில் வந்த அன்று முதலில் விசாரித்தது கடலையைப் பற்றித்தான். அதற்குள் தோட்டம் வேறொருவருக்குக் கைமாறியிருந்தது.

குத்தகை நிலத்தில் மானோ வேறு விலங்கோ செத்துக் கிடப்பதைப் பார்த்தால், எப்படிச் செத்தது என்பது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், தொடாதீர்கள், புதைக்காதீர்கள், யார் கேட்டாலும் கறியைப் பங்கு போடாதீர்கள். கறி வாங்கியவர்களும் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரிடும். அந்த உடல் சட்டப்படி அரசின் சொத்து. உடனே வனச்சரகருக்கும், பிறகு தோட்டத்துக்காரருக்கும் சொல்லுங்கள். வன அலுவலர் வாக்குமூலம் எழுதினால் முழுவதும் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள். காவல் துறையிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் தள்ளப்படும்; வன அலுவலரிடம் தருவது அப்படித் தள்ளப்படுவதில்லை.