நரம்புத் தளர்ச்சி என்று வருகிறவரின் இதயத்தை நான் பரிசோதிப்பது ஏன்?

நம் ஊரில் ஊசி போட்டுக்கொள்ள வருகிறவர்கள் "நரம்புல போடுங்க சிஸ்டர்" என்றுதான் சொல்வார்கள். குளுக்கோஸ் ஏற்றுவதும் நரம்பில்தான். காலில் நீலமாகப் புடைத்துச் சுருண்டு கிடந்தால் அது "நரம்பு சுருட்டல்". உண்மையில் இவை எல்லாமே ரத்தக்குழாய்கள். பேச்சு வழக்கில் நரம்புக்கும் ரத்தக்குழாய்க்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறோம், அதனால் பெரிதாக எதுவும் கெட்டுப்போவதில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் ரொம்பவே கெட்டுப்போகிறது: "நரம்புத் தளர்ச்சி".

நாற்பது வயதைத் தாண்டிய ஆணுக்கு விறைப்பு சரியாக வரவில்லை என்றால் அவர் வாயில் வரும் சொல் இதுதான். பஸ் ஸ்டாண்டு சுவரிலும், மாதம் ஒரு நாள் லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியரின் விளம்பரத்திலும், இரவு பதினொரு மணி டிவி நிகழ்ச்சியிலும் அவர் படித்ததும் கேட்டதும் அதுதான். கூடவே "இளமையில் செய்த தவறு" என்று ஒரு குற்ற உணர்ச்சியையும் சேர்த்து விற்றுவிடுகிறார்கள். சுய இன்பத்தால் விறைப்பு போகாது. அந்தப் பயத்தைச் சுமந்துகொண்டு என் முன்னால் உட்காருகிறவர்களில் பலருக்குப் பழுதாகியிருப்பது ரத்தக்குழாய். அதைக் கண்டுபிடிக்காமல் லேகியம் சாப்பிட்டுக் கழியும் ஒவ்வொரு வருடமும் அவருடைய இதயத்துக்கு நஷ்டம்.

இதை நான் பாடப் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் உறைத்தது ஒரு நோயாளியால்தான். (இங்கே வரும் நோயாளிகளின் அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) பிராக்டீஸ் தொடங்கிய புதிதில் நடந்தது. மில்லில் மேஸ்திரி, 44 வயது, ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட். இருமலுக்கு மருந்து வாங்கிக்கொண்டு எழுந்தவர், கதவில் கை வைத்தபடி, "இன்னொரு விஷயம் சார், வீட்ல சரியா இருக்க முடியறதில்ல" என்றார். வெளியே கூட்டம். "டென்ஷனைக் குறைங்க, சரியாயிடும்" என்று சொல்லி ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தேன். பி.பி. கூடப் பார்க்கவில்லை. இரண்டரை வருடம் கழித்து ஒரு விடிகாலையில் வேர்த்து நனைந்த சட்டையோடு ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். பெரிய மாரடைப்பு. பிழைத்தார், ஆனால் இதயம் ரத்தத்தைத் தள்ளும் சக்தி பாதியாகிவிட்டது. வார்டில் ஒருநாள் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அன்னைக்கே உடம்புல ஏதோ சரியில்லன்னு சொன்னேனே சார்." கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே மறக்க முடியவில்லை.

அவர் சொன்னது சரி. உடம்பு முன்கூட்டியே சொல்லியிருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

ஆணுறுப்புக்குள் பஞ்சு போன்ற இரண்டு திசுக் குழல்கள் நீளவாக்கில் இருக்கின்றன. சாதாரண நேரத்தில் அவற்றின் தசைகள் இறுகியிருக்கும், ரத்தம் கொஞ்சம்தான் உள்ளே போகும். ஆசை தூண்டப்பட்டதும் முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து நரம்பு வழியாகச் செய்தி வருகிறது. நரம்பு முனையிலிருந்தும், ரத்தக்குழாயின் உள்சுவரிலிருந்தும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு சுரக்கிறது. இறுகியிருந்த தசை தளர்கிறது, குழாய் விரிகிறது, ரத்தம் வேகமாக வந்து பஞ்சை நிரப்புகிறது. நிரம்பிய பஞ்சு, ரத்தம் வெளியேறும் சிரைகளை வெளியுறைக்கு எதிராக அழுத்தி மூடிவிடுகிறது. உள்ளே வந்த ரத்தம் உள்ளேயே நிற்கிறது. அதுதான் விறைப்பு. நரம்புக்கு இதில் பங்கு உண்டு, மனதுக்கும் உண்டு. ஆனால் உள்ளே வரவேண்டிய ரத்தம் வரவில்லை என்றால் மற்ற எல்லாம் ஒழுங்காக இருந்தும் பயனில்லை.

அந்த உள்சுவர் ஒரே ஒரு செல் கனம் உள்ள மெல்லிய படலம். தலை முதல் கால் வரை எல்லா ரத்தக்குழாயிலும் ஒரே படலம்தான். சர்க்கரை, உயர் ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, புகை ஆகிய நான்கும் முதலில் கை வைப்பது இதன்மேல்தான். படலம் நோய்வாய்ப்பட்டால் நைட்ரிக் ஆக்சைடு குறையும், குழாய் விரிய வேண்டிய நேரத்தில் விரியாது. கொழுப்பு படிந்து அடைப்பாவது அதற்கப்புறம்.

சரி, எல்லா இடத்திலும் ஒரே நோய் என்றால் ஆணுறுப்பில் ஏன் முதலில் தெரிகிறது? குழாயின் அளவுதான் காரணம். அங்கே போகும் தமனியின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத் தமனி 3 முதல் 4. மூளைக்குப் போகும் கழுத்துத் தமனி 5 முதல் 7. ஒரே அளவு பழுது சின்னக் குழாயைத்தான் முதலில் முடக்கும்.

இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, என்னைவிட நன்றாகச் சொன்னவர் ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் போடும் ஒரு விவசாயி. "அப்ப நம்ம சொட்டு நீர் மாதிரியேங்க. போர் தண்ணி உப்பா இருந்தா மெயின் பைப்புல ஒண்ணும் தெரியாது. மொதல்ல அடைக்கிறது ட்ரிப்பர்தானுங்க" என்றார். அன்றிலிருந்து நான் எல்லாருக்கும் அந்த உதாரணத்தைத்தான் சொல்கிறேன். ட்ரிப்பர் அடைத்தால் ட்ரிப்பரை மட்டும் மாற்றும் விவசாயி யாரும் இல்லை, தண்ணீரைப் பார்ப்பார்.

அவருக்கு வயது 48. வந்தது அந்தப் பிரச்சினைக்காகத்தான், ஆனால் அதைச் சொல்ல இருபது நிமிடம் ஆனது. மனைவியை மருந்து வாங்க அனுப்பிவிட்டு, "ஒண்ணு கேக்கோணுங்க" என்று ஆரம்பித்தார். ஒரு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கிறது. காலையில் தூங்கி எழும்போது வரும் விறைப்பும் இல்லை. நெஞ்சுவலி கிடையாது, மூச்சு வாங்குவதும் கிடையாது. சர்க்கரை "பார்டர்" என்று யாரோ நாலு வருடத்துக்கு முன்னால் சொன்னதோடு சரி. இடுப்புச் சுற்றளவு 102 சென்டிமீட்டர். நம் நாட்டு ஆண்களுக்கு 90-க்குள் இருக்க வேண்டும். பி.பி. 150க்கு 96. மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 8.1 சதவீதம். ஈசிஜி சுத்தமாக இருந்தது. அதை வைத்து விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜியில் எல்லா அடைப்பும் தெரியாது. டிரெட்மில் சோதனையில் மாற்றம் தெரிந்தது. ஆஞ்சியோவில் இதயத்தின் இரண்டு குழாய்களில் பாதிக்கு மேல் அடைப்பு. ஸ்டென்ட் தேவைப்படவில்லை, மாத்திரையிலேயே போகலாம் என்றார் இதய மருத்துவர். மாரடைப்பு வருவதற்கு முன்பே ஒருவரைப் பிடித்துவிட்டோம். காட்டிக்கொடுத்தது அவர் வெட்கப்பட்டு மறைத்து வைத்திருந்த விஷயம்.

விறைப்புக் குறைவு தொடங்கி இரண்டிலிருந்து ஐந்து வருடத்தில் இதய நோயின் அறிகுறிகள் வருவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எல்லாருக்கும் வரும் என்று அர்த்தமில்லை. ஆனால் அந்த இடைவெளி ஒரு வரம். வேறு எந்த நோய் நமக்கு இவ்வளவு அவகாசம் கொடுக்கிறது?

இது அபூர்வமான பிரச்சினையும் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 40 முதல் 70 வயது ஆண்களிடம் எடுத்து 1994-ல் வெளியான ஆய்வில், 52 சதவீதம் பேருக்கு லேசாகவோ அதிகமாகவோ இது இருந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்குப் பத்து, பதினைந்து வருடம் முன்னதாகவே தலைகாட்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023 ஆய்வறிக்கைப்படி நாட்டில் 10.1 கோடி சர்க்கரை நோயாளிகள், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். அதில் பாதிப் பேர் ஆண்கள் என்று வைத்துக்கொண்டாலே எத்தனை வீடுகளில் இது பேசப்படாமல் கிடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து பி.பி.யும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், அருமையான வேலை. ஆனால் வாசலில் நிற்கும் பெண் தன்னார்வலரிடம் எந்த ஆண் இதைச் சொல்வான்? மருத்துவர்கள் நாங்கள்தான் கேட்க வேண்டும். பெரும்பாலும் நாங்களும் கேட்பதில்லை.

எல்லாமே ரத்தக்குழாய்தான் என்று நான் சொல்லவில்லை. திடீரென்று ஒருநாள் ஆரம்பித்து, காலை விறைப்பு நன்றாக இருந்து, சில நேரம் சரியாகவும் சில நேரம் இல்லாமலும் இருந்தால் மனக் காரணம் பெரிதாக இருக்கும். புதிதாகக் கல்யாணம் ஆன இளைஞர்களிடம் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஆசையே குறைந்துவிட்டது என்றால் காலை நேரத்தில் ரத்தம் எடுத்து டெஸ்டோஸ்டிரோன் பார்க்க வேண்டும். சில பி.பி. மாத்திரைகள், மனநல மாத்திரைகள், குடி எல்லாமே காரணமாகலாம். மாத்திரைதான் காரணமோ என்று தோன்றினால் நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்றித் தர வழி இருக்கிறது.

அபூர்வமாக, ட்ரிப்பரை விட்டுவிட்டு மெயின் பைப்பே அடைத்துக்கொள்வதும் உண்டு. 52 வயதில் ஒருவர் மலைக்கோயில் படி ஏறினால் பிட்டமும் தொடையும் பிடித்துக்கொள்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்று வந்தார். முதுகெலும்புத் தேய்மானம் என்று சொல்லி ஒரு வருடம் பெல்ட் போட்டிருக்கிறார். கவட்டியில் கை வைத்தேன், இரண்டு பக்கமும் நாடித்துடிப்பு அநேகமாக இல்லை. "தாம்பத்தியம்?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். வயிற்றுப் பெருந்தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் அடைப்பு. பிட்டத்தில் வலி, விறைப்பு இன்மை, கவட்டியில் நாடி இல்லாமை: இந்த மூன்றும் சேர்ந்து வருவதை லெரீஷ் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் 1940-லேயே எழுதி வைத்திருக்கிறார். என்னிடம் வந்த இந்த நோயாளியும் சிகரெட்காரர்தான். ஒவ்வொரு சிகரெட்டும் அந்த நேரத்துக்கே குழாயைச் சுருக்குகிறது, வருடக்கணக்கில் உள்சுவரையும் கெடுக்கிறது.

அடுத்தது மாத்திரை. வயாகரா என்று உலகம் அறிந்த சில்டெனாஃபில், இங்கிலாந்தில் இதய நோயாளிகளின் நெஞ்சுவலிக்காகத்தான் முதலில் ஆராயப்பட்டது. சோதனையில் கலந்துகொண்டவர்கள் சொன்ன 'பக்க விளைவு' அதன் பாதையையே மாற்றியது. 1998 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதே வருடம் நைட்ரிக் ஆக்சைடின் வேலையைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் நோபல் பரிசு. இந்த மாத்திரை நைட்ரிக் ஆக்சைடு தொடங்கிவைத்ததைச் சீக்கிரம் முடிந்துவிடாமல் நீட்டிக்கிறது. ஆசை இல்லாமல் தானாக எதையும் செய்யாது, பழக்கமாகி அடிமையாக்கவும் செய்யாது. மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு நல்ல மருந்து. நிலையாக இருக்கும் இதய நோயாளிகளில் பலரும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் நெஞ்சுவலிக்காக நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு விழும். பலர் சட்டைப் பையில் சார்பிட்ரேட்டை வைத்துக்கொண்டே மெடிக்கலில் இதைச் சீட்டு இல்லாமல் வாங்குகிறார்கள். மாத்திரை போட்ட பிறகு நெஞ்சு வலித்தால், அவசர சிகிச்சைப் பிரிவில் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரமும், அதே வகை மருந்தான டடாலாஃபில் எடுத்து 48 மணி நேரமும் நைட்ரேட் கொடுக்கக் கூடாது. மனைவி பக்கத்தில் நின்றாலும், நர்ஸ் நின்றாலும் சொல்லிவிடுங்கள். "மூலிகை" என்று விற்கும் சில பொடிகளில் இதே மருந்தை ரகசியமாகக் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. அதனால் பொடி சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

உறவு கொண்டால் இதயம் தாங்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு எளிய கணக்கு. மூச்சிரைப்போ நெஞ்சுவலியோ இல்லாமல் வேகமாக இரண்டு மாடி ஏற முடிந்தால், பெரும்பாலும் தாங்கும்.

பழுதான குழாய் திரும்புமா? ஓரளவு திரும்பும். இத்தாலியில் உடல் பருமனான 110 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு 2004-ல் வெளியானது. உணவும் உடற்பயிற்சியும் தீவிரமாகக் கடைப்பிடித்தவர்களில், எந்த மாத்திரையும் இல்லாமல், கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு இரண்டு வருடத்தில் விறைப்பு இயல்புக்கு வந்தது. மஞ்சள் விவசாயி எட்டு மாதத்தில் பதினொரு கிலோ குறைத்தார். வாய்க்கால் கரையில் தினமும் நடை, ராத்திரி சாப்பாட்டில் சோறு பாதி. முழுதாகச் சரியாகவில்லை, அவ்வப்போது மாத்திரை தேவைப்படுகிறது. இதயம் அமைதியாக இருக்கிறது.

அவர் மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டாவது முறை இருவரையும் சேர்த்து உட்கார வைத்து விளக்கியபோது அந்த அம்மா அழுதுவிட்டார். ஒரு வருடமாகக் கணவர் திண்ணையில் படுப்பதை, தன்மேல் வெறுப்பு என்றோ வேறு எங்கோ தொடர்பு என்றோ நினைத்திருக்கிறார். ரத்தக்குழாய் நோய் ஒரு வீட்டுக்குள் என்னவெல்லாம் செய்கிறது பாருங்கள்.

உங்களுக்கு மூன்று மாதத்துக்கு மேல் இப்படி இருந்தால், மருத்துவரிடம் இரண்டு வரி போதும்: "டாக்டர், விறைப்பு முன்ன மாதிரி வர்றதில்ல. பி.பி., சர்க்கரை, கொழுப்பு, இதயம் எல்லாம் பார்த்துச் சொல்லுங்க." வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் எழுதி நீட்டுங்கள். பழைய மருந்துச் சீட்டின் பின்பக்கம், பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகையின் ஓரம் என்று என் மேஜைக்கு அப்படி நிறைய வந்திருக்கின்றன. படித்துவிட்டு மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். அப்புறம் பி.பி. கருவியை எடுத்துக் கையில் சுற்றுவேன்.