புதிய பிக்கப் தூக்கி அடிக்கிறதா? பிளேற்றைக் கழற்ற முன்னர் காற்றைப் பாருங்கள்

நல்லூர்த் திருவிழா முடிந்த கிழமை, நெல்லியடிப் பக்கத்திலிருந்து ஒருவர் தமது புதிய டபிள் கப் பிக்கப்பைக் கோப்பாயில் உள்ள எங்கள் கராஜுக்குக் கொண்டுவந்தார். மூவாயிரம் கிலோமீற்றர்கூட ஓடாத வாகனம். "தம்பி, இவ்வளவு காசு குடுத்து வாங்கினது, அம்மாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வரேக்குள்ள நாரி விட்டுப்போச்செண்டு அழுகிறா" என்றார். பின்சில்லுக்குக் குனிந்து பார்த்தபோது ஸ்பிரிங் பிளேற்றுகளில் ஒன்று குறைந்திருந்தது. குலுக்கம் தாங்காமல் வேறோரிடத்தில் அதைக் கழற்றுவித்திருக்கிறார். கழற்றிய பின்னரும் குலுக்கம் போகவில்லை. போதாக்குறைக்கு வெங்காய மூட்டை ஏற்றினால் பின்பக்கம் "டக்" என்று இடிக்கத் தொடங்கியிருந்தது.

2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின்னர், காரிலிருந்து பிக்கப்புக்கு மாறிய குடும்பங்கள் இதே முறைப்பாட்டுடன் வருவதைக் காண்கிறேன். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது, பிக்கப் ஓரளவு கடினமாக ஓடுவது பழுதல்ல என்பதையே. ஏறத்தாழ ஒரு தொன் பாரத்தைச் சுமப்பதற்காகவே அதன் பின் அச்சின்மேல் பட்டைப் பட்டையான உருக்குப் பிளேற்றுகளை அடுக்கியிருக்கிறார்கள். பின்பெட்டி வெறுமையாக இருக்கும்போது அந்தப் பிளேற்றுகளை வளைக்கப் போதிய பாரம் இல்லாததால், வீதியின் மேடும் பள்ளமும் நேரே இருக்கைக்கு ஏறுகின்றன. டபிள் கப்பில் பின்னிருக்கை பின் அச்சுக்கு அண்மையில் இருப்பதால், சாரதிக்குச் சிறிதாகத் தெரிகிற அடி பின்னால் இருக்கும் வயோதிபருக்குப் பெரிதாகத் தெரியும். ஆயினும் எல்லாக் குலுக்கத்தையும் "பிக்கப் எண்டா அப்பிடித்தான்" என்று ஒதுக்கிவிடக்கூடாது. இயல்பான கடினம் எது, திருத்தக்கூடிய குறை எது என்று பிரித்தறியாமல் ஸ்பிரிங்கில் கைவைப்பதுதான் தவறு.

அன்று நான் செய்த முதல் வேலை, வாகனத்தை இரவு முழுவதும் நிற்கவிட்டுக் காலையில் ரயர்களின் காற்றமுக்கத்தை அளந்ததுதான். பின் ரயர்கள் இரண்டிலும் 46 பி.எஸ்.ஐ. இருந்தது. சாரதியின் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில், வெறுமையாக ஓடும்போது 29 என்று தெளிவாக அச்சிட்டிருந்தார்கள். புதிய வாகனங்களைக் கப்பலில் ஏற்றும்போதும் துறைமுகத்தில் நீண்ட நாட்கள் நிறுத்தும்போதும் ரயர் தட்டையாகாமல் இருக்கக் காற்றைக் கூட்டி அடிப்பது வழக்கம். வாகனத்தைக் கையளிக்கும் முன்னர் அதைக் குறைக்க வேண்டியது விற்பவரின் வேலை. ஆனால் அது சிலவேளைகளில் தவறிப்போகிறது. அதன்பின் ரயர் கடைக்குப் போனாலும், பிக்கப் என்றதும் "பாரம் ஏத்துற வண்டி" என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கூட்டியே அடித்துவிடுகிறார்கள். அளவுக்கு மேல் காற்றடித்த ரயர் கல்லுப் போல இறுகி, சிறிய கல்லில் ஏறினாலும் அந்த அடியை முழுதாக மேலே அனுப்பும். வீதியைத் தொடும் பரப்புக் குறைவதால் மழையில் பிறேக்கின் பிடியும் குறையும்.

காற்றை எப்போதும் ரயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். ஓடிச் சூடேறிய ரயர் நான்கைந்து பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டும், அதைக் கண்டு காற்றைத் திறந்துவிட்டால் மறுநாள் காலையில் குறைவாக இருக்கும். அட்டையில் கிலோபஸ்கால் மாத்திரம் குறித்திருந்தால் 200 என்பது 29 பி.எஸ்.ஐ., 240 என்பது 35 பி.எஸ்.ஐ. என்று கொள்ளலாம். பாரம் ஏற்றும் நாளுக்குரிய அளவு வேறாக இருக்கும். அதையும் அதே அட்டையிற் பார்த்து அடிக்க வேண்டும்.

குலுக்கமும் உதறலும் ஒன்றல்ல. குழியில் விழும்போது மட்டும் அடித்தால் அது ஸ்பிரிங், ரயர் சம்பந்தப்பட்டது. நல்ல தார் வீதியில் 70 கிலோமீற்றரை நெருங்கும்போது ஸ்ரியறிங் நடுங்கினால் முன்சில்லுகளையும், இருக்கை நடுங்கினால் பின்சில்லுகளையும் சந்தேகித்து பலன்ஸ் பார்க்க வேண்டும். நெடுநாள் நின்றதால் ரயரில் விழுந்த தட்டை, சிறிது தூரம் ஓடிச் சூடேறியதும் மறைந்துவிடுவதுண்டு. மறையாவிட்டால் ரயரை விற்றவரிடமே காட்டுங்கள்.

நெல்லியடி வாகனத்தில் அடுத்ததாக அகப்பட்டது, பிளேற்றைக் கழற்றியவர்கள் விட்ட பிழை. பிளேற்றின் இரு முனைகளிலும், போல்ற்றைச் சுற்றி இறப்பர் புஸ் என்ற இறப்பர் உறை இருக்கிறது. வாகனத்தை ஜாக்கியில் உயர்த்தி, சில்லுகள் தொங்கும் நிலையிலேயே அந்தப் போல்ற்றுகளை முழுதாக இறுக்கியிருந்தார்கள். அப்படி இறுக்கினால் சில்லு நிலத்தில் ஊன்றியவுடன் இறப்பர் முறுகியே நிற்கும். முறுகிய இறப்பர் பிளேற்றை இயல்பாக அசையவிடாமல் மேலும் ஒரு ஸ்பிரிங்கைப் போல எதிர்த்து நிற்பதோடு, விரைவிலேயே கிழிந்தும் விடும். போல்ற்றுகளைத் தளர்த்தி, வாகனத்தை நிலத்தில் இறக்கி, பின்பக்கத்தில் இருவர் ஏறி நின்று குலுக்கிய பின்னர் மீண்டும் இறுக்கினோம். தளர்த்தும்போது "கிறீச்" என்ற சத்தத்துடன் பிளேற் தன் இடத்துக்கு அசைந்ததை உரிமையாளரும் பார்த்தார்.

ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் சொக் அப்சோபரைச் சோதிக்க என் அப்பா காட்டித்தந்த வழியையே இன்றும் பின்பற்றுகிறேன். கரடுமுரடான ஒழுங்கைகளில் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓடிவிட்டு, வாகனத்தை நிறுத்தியவுடன் நான்கு சொக்குகளின் உடலையும் புறங்கையால் மெதுவாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். வேலை செய்கிற சொக் சூடாகியிருக்கும். மற்றவை சூடாக இருக்க ஒன்று மட்டும் குளிர்ந்து கிடந்தால் அது வேலை செய்யவில்லை. குழியைத் தாண்டிய பின்னரும் வாகனம் இரண்டு மூன்று தரம் ஆடினால், அல்லது சொக்கின் மேல் எண்ணெய் கசிந்திருந்தால், உத்தரவாதக் காலத்துக்குள் முகவரிடம் எழுத்தில் முறையிடுங்கள். வெளியில் மாற்றிவிட்டுப் பின்னர் கேட்டால் உத்தரவாதம் கிடைக்காமற் போகலாம்.

பிளேற்றைக் கழற்றுவதை நான் இவ்வளவு கடுமையாக எதிர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. பாரம் ஏற்றியதும் அச்சு மேலே இடித்து வாகனம் தடுமாறும். முன்விளக்கு மேல்நோக்கி எழும்பி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். சில மாதிரிகளில் பின் பிறேக்கின் வலுவைத் தீர்மானிக்கும் வால்வு, வாகனத்தின் பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்தே பாரத்தைக் கணிக்கிறது. பிளேற் குறைந்து பின்பக்கம் தாழ்ந்தால், வெறும் வாகனத்தையும் அது பாரமேற்றிய வாகனமாக எடுத்துக்கொண்டு பின் பிறேக்குக்கு அதிக அமுக்கம் கொடுக்கும். மழை நாளில் வல்லை வெளியில் சடுதியாகப் பிறேக் அடித்தால், பின்சில்லு இறுகி வழுக்குவதற்கு அது போதும். அம்மாவின் நாரியைக் காக்கச் செய்த வேலை முழுக் குடும்பத்தையும் ஆபத்தில் கொண்டுபோய் விடக்கூடாது.

எல்லாம் சரிபார்த்த பின்னரும் கடினமாக இருந்தால், வெறுமையாக ஓடும் நாட்களில் பின் அச்சுக்கு நேர் மேலாக எண்பது, நூறு கிலோகிராம் மண்மூட்டையை இறுகக் கட்டி ஓடிப் பாருங்கள். அதிலும் திருப்தி கிடைக்காவிட்டால், பிளேற்றுகளைக் குறைக்காமல், உங்கள் வாகனத்துக்கென்றே தயாரித்த தரமான சொக்கை உத்தரவாதம் முடிந்த பின்னர் மாற்றுவது பற்றி யோசிக்கலாம். ரயர் மாற்றும்போது பக்கச்சுவர் மென்மையாக இருக்கிறதே என்று பாரம் தாங்காத ரயரை வாங்காதீர்கள். ரயரில் 112 என்ற பாரச் சுட்டெண் இருந்தால் அது ஒன்று 1120 கிலோகிராம் தாங்கும் என்று பொருள். வாகனத்துடன் வந்த எண்ணுக்குக் குறைந்ததைப் போடக்கூடாது. பண்ணைப் பாலத்தால் தீவுப்பகுதிக்குப் போய்வருகிறவர்கள் பிளேற்றுகளின் இடுக்கை அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். உப்பும் மணலும் சேர்ந்து துருப்பிடித்தால் பிளேற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் ஒரே கட்டையாக இறுகிவிடும்.

நெல்லியடிக்காரரின் பிளேற்றை மீண்டும் பூட்டி, காற்றை 29 ஆக்கி, பின்னிருக்கையில் அவரையே இருத்திப் புத்தூர் வரை போய்வந்தோம். சிறுப்பிட்டி தாண்டும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை, பிறகு, "அப்ப பிளேற் கழட்டினதுக்குக் குடுத்த காசு?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. காற்றளவுமானி ஒன்றை வாங்கிக் கதவுப் பையில் வைத்திருக்கும்படியும், வெங்காயம் ஏற்றும் நாளில் அட்டையிலுள்ள மற்ற அளவுக்குக் காற்றைக் கூட்டும்படியும் சொல்லி அனுப்பினேன்.