கோதுமை வயலில் வெளிச்சத்துக்கு ஒரு சண்டை

ஹரியானா, பஞ்சாப் கோதுமை வயல்களில் ஒரு புல் உண்டு. அங்கே அதைக் 'குல்லி டண்டா' என்கிறார்கள்; நம் கிட்டிப்புள் விளையாட்டுக்கும் வடக்கே அதுதான் பெயர். இளம் பருவத்தில் பார்க்க அசல் கோதுமை போலவே இருக்கும். அடித்தண்டில் லேசாகச் சிவப்பு ஓடியிருந்தால் களை. ஏக்கர் கணக்கில் குனிந்து அதைத் தேட யாரால் முடியும்?

அதனால் ஐசோபுரோட்டூரான் தெளித்தார்கள். அது இலையின் ஒளிச்சேர்க்கையை முடக்கும் மருந்து. கோதுமை அதை வேகமாகச் சிதைத்துச் செரித்துவிடும், களையால் முடியாது. வருடாவருடம் அதையே அடித்ததில், செரிக்கத் தெரிந்த சில களைகள் மட்டும் தப்பி விதை போட்டன. 1990களின் தொடக்கத்தில் ஹரியானாவில் மருந்து எடுபடவில்லை. சிலர் பச்சைக் கோதுமையை மாட்டுத்தீவனத்துக்கு அறுத்துப் போட்டார்கள்.

சரி, விதைக்கும் விதத்தில் ஏதாவது செய்யலாமா? செய்யலாம். தண்ணீரையும் உரத்தையும் வேர்கள் ஓரளவு தங்கள் அளவுக்கு ஏற்பப் பங்கு போட்டுக்கொள்ளும். வெளிச்சத்தில் அந்த நியாயம் கிடையாது. அரை அங்குலம் உயர்ந்தவன் மற்றவனை மறைத்துவிடுவான். வழக்கமான வரிசை இடைவெளி 22.5 செ.மீ. அதே அளவு விதையை 15 செ.மீ. வரிசைகளில் போட்டால் செடிகள் தங்களுக்குள் முட்டிக்கொள்வது குறையும், இலைகளும் சீக்கிரம் தரையை மூடும். களையே இல்லாத வயலில் இதனால் பெரிய லாபம் இல்லை. காலியிடத்தைக் கோதுமை தூர்விட்டு, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் கிளைத்து, நிரப்பிவிடும். களை மண்டிய வயலில் தூர் வருவதற்குள் இடம் பறிபோயிருக்கும். விளைச்சலில் வித்தியாசம் தெரிவது அங்கேதான்.

தேதிக்கும் பங்குண்டு. குல்லி டண்டா குளிர்ந்த மண்ணில் நன்றாக முளைக்கும். அக்டோபர் கடைசியில், மண்ணில் சூடு இருக்கும்போதே விதைத்தால் கோதுமை முந்திக்கொள்ளும். நெல் அறுத்த கையோடு, உழாமல், வைக்கோலுக்கு நடுவே 'ஹேப்பி சீடர்' கருவியால் விதைத்தால் ஆழத்தில் கிடக்கும் களை விதை மேலே வராது. மேலே கிடப்பதையும் வைக்கோல் மூடிக்கொள்ளும்.

ஆனால் நெருக்கிய வரிசைக்குள் களைக்கொத்து நுழையாது. மெக்சிகோவின் யாக்கி பள்ளத்தாக்கில் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள்: மேட்டுப்பாத்தியில் இரண்டு மூன்று வரிசைக் கோதுமை, நடுவே அகலமான சால். தண்ணீர் போவதும் அதில்தான், களையெடுக்க டிராக்டர் போவதும் அதில்தான்.